விராலிமலைக் கணக்கு: ஒரு நோயாளியின் வருகைக்கு விலை சொல்ல முடியுமா?

ஒரு பொருளைச் செய்து முடிக்க எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு விடை காண்பதில் கணக்கியல் நெடுங்காலமாகத் தேர்ச்சி பெற்றிருக்கிறது. ஒரு செங்கல்லுக்கு மண், விறகு, ஆள்கூலி, சூளைக்கான குத்தகை எனக் கூட்டிப் பார்த்தால் கிடைக்கும் தொகை, இன்னும் ஓராயிரம் கல் அறுக்கலாமா, தொழிலை நிறுத்திவிடலாமா என்று முடிவு செய்யப் பெரும்பாலும் போதும். ஏனெனில் இன்று அறுத்த கல் நாளைய கல்லின் தேவையை மாற்றுவதில்லை, வாங்கியவர் கல்லை வைத்து என்ன கட்டுகிறார் என்பது சூளைக்காரரின் செலவைத் தொடுவதுமில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு வந்து இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை வாங்கிச் செல்லும் ஒரு பெண்ணுக்கு அரசு எவ்வளவு செலவிடுகிறது என்ற கேள்வியும் மேலோட்டமாகப் பார்த்தால் இதே வடிவத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒற்றை எண்ணை விடையாகச் சொல்லி, அந்த எண்ணை நம்பி முடிவெடுத்தால், அம்முடிவு பிழையாகிவிடும் வாய்ப்பு மிக அதிகம் என்பதை இம்மாவட்டத்தின் விராலிமலை வட்டாரத்தில் நடந்த ஒரு முயற்சி தெளிவாகக் காட்டுகிறது.

2017-ஆம் ஆண்டையொட்டி, அனைவருக்கும் நலவாழ்வு என்ற கருத்தைச் சோதித்துப் பார்க்கத் தமிழ்நாடு அரசு மூன்று வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்தது: கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சூளகிரி, பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பூர், புதுக்கோட்டை மாவட்டத்தின் விராலிமலை. பணமில்லை என்பதற்காக யாரும் தேவையான சிகிச்சையை இழக்கக்கூடாது, சிகிச்சை பெற்றதற்காகக் கடனாளியாகவும் கூடாது என்பதே அச்சொற்றொடரின் பொருள். சமவெளிப் பகுதியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒன்று என்ற விதியில் அமைந்த துணை சுகாதார நிலையங்கள், கிராம சுகாதார செவிலியர் ஒருவரின் பொறுப்பில் இருந்துவந்தன. கருவுற்ற பெண்களையும் கைக்குழந்தைகளையும் தேடி ஊர் ஊராகச் செல்வதே அவருடைய முதன்மைப் பணி என்பதால், காய்ச்சலுக்கோ சர்க்கரைக்கோ அந்த நிலையத்தின் படியேறும் பழக்கம் மக்களிடம் பெரும்பாலும் இல்லை. சோதனை முயற்சியில் செய்யப்பட்ட மாற்றம் எளிமையானது. நிலையத்திலேயே நாள்தோறும் இருந்து நோயாளிகளைப் பார்க்கக் கூடுதலாக ஒரு செவிலியர், முன்பு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றால்தான் கிடைக்கும் என்றிருந்த சில மருந்துகள், சில அடிப்படைப் பரிசோதனைகள் ஆகியவை கிராமத்துக்கு வந்தன. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் வி.ஆர். முரளீதரன் உள்ளிட்ட குழுவினர் வீடுகளில் கணக்கெடுத்து இதன் விளைவை ஆராய்ந்தனர். விராலிமலையிலும் சூளகிரியிலும் புறநோயாளிகளில் துணை சுகாதார நிலையத்தை நாடியோரின் பங்கு பல மடங்கு உயர்ந்தது. தனியார் மருத்துவமனைகளுக்குச் சென்றோரின் பங்கு குறைந்தது. சிகிச்சைக்காக மக்கள் சொந்தக் கையிலிருந்து கொடுத்த பணமும் குறைந்தது.

இம்முயற்சி தொடங்குவதற்கு முன்பு, ஒரு வருகைக்கு ஆகும் செலவு என்ற அளவுகோலைக் கொண்டு இந்த நிலையங்களை மதிப்பிட்டிருந்தால் என்ன முடிவு கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது. கணக்கின் பொருட்டு, ஒரு நிலையத்தின் சம்பளம், மின்சாரம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 60,000 ரூபாய் என்றும், வரும் ஒவ்வொருவருக்கும் மருந்துக்கு 20 ரூபாய் என்றும் வைத்துக்கொள்ளலாம். மாதம் 200 பேர் வந்தால் மொத்தச் செலவு 64,000 ரூபாய். ஆளுக்கு 320 ரூபாய். அதே நிலையத்துக்கு 600 பேர் வந்தால் மொத்தம் 72,000 ரூபாய். ஆளுக்கு 120 ரூபாய். இவற்றுள் எது உண்மையான செலவு என்ற கேள்விக்கு விடையில்லை, ஏனெனில் இரண்டும் நிலையத்தின் இயல்பைவிட, அங்கே எத்தனை பேர் வந்தார்கள் என்பதையே சொல்கின்றன. 201-ஆவது நோயாளி வருவதால் அரசுக்குக் கூடும் செலவு வெறும் 20 ரூபாய்தான். யாரும் வராத காரணத்தால் ஆளுக்கு ஆகும் செலவு அதிகம், செலவு அதிகம் என்பதால் இதற்குமேல் முதலீடு வேண்டாம், முதலீடு இல்லாததால் யாரும் வருவதில்லை என்ற சுழற்சிக்குள் கணக்கைப் பார்ப்பவர் அறியாமலே சிக்கிக்கொள்கிறார். விராலிமலையில் இந்தச் சுழற்சியை உடைத்தது கூடுதல் செலவுதான். முன்கூட்டிய மதிப்பீடு அதைப் பரிந்துரைத்திருக்காது.

பகிர முடியாத ஒரு நாள்

சேவை அமைப்புகளின் செலவைக் கணக்கிடுவதில் இரண்டாவது இடர், பல சேவைகளுக்குப் பொதுவான செலவை எப்படிப் பிரிப்பது என்பது. கிராம சுகாதார செவிலியரின் ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டால், புதன்கிழமை தடுப்பூசி, இன்னொரு நாள் கர்ப்பிணிகளைப் பார்த்தல், ‘பிக்மி’ பதிவேட்டில் அவர்களுடைய விவரங்களை ஏற்றுதல், காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவர் விடாமல் சாப்பிடுகிறாரா என்று விசாரித்தல், இடையிடையே காயத்துக்குக் கட்டுப்போடுதல் என்று பணிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தடுப்பூசி போடச் சென்ற வீட்டில் பாட்டியின் கால் புண் ஆறாமல் இருப்பதைக் கண்டு சர்க்கரை பார்க்க வரச் சொன்னால், அந்த அரைமணி நேரத்தின் சம்பளத்தை எந்தத் திட்டத்தின் கணக்கில் எழுதுவது? தடுப்பூசியின் செலவில் முழுவதையும் சேர்த்தால் சர்க்கரை நோயைக் கண்டறிவது இலவசமாகத் தெரியும். பாதிப் பாதியாகப் பிரித்தால் இரண்டுமே வேறு எண்களைக் காட்டும். எந்தப் பிரிவினையும் தவறில்லை என்பதால்தான் எந்தப் பிரிவினையும் முடிவெடுக்க உதவுவதில்லை.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் மாரிஸ் கிளார்க் 1923-இல் வெளியிட்ட பொதுச் செலவுகள் பற்றிய நூலில் இந்தச் சிக்கலைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். ஒரு பொருளுக்கு ஒரே ஒரு சரியான செலவு என்று எதுவும் கிடையாது, எந்த முடிவுக்காகக் கேட்கிறோமோ அதற்கேற்ற செலவே உண்டு என்பது அவருடைய வாதத்தின் சாரம். தொழிற்சாலைகளில் பயன்பட்ட பழைய பகிர்வு முறைகள் நிர்வாகிகளைத் தவறாக வழிநடத்துகின்றன என்று 1980-களில் ராபர்ட் கப்லன் போன்ற கணக்கியல் அறிஞர்கள் விமர்சித்தபோது, செயல்சார் செலவுக் கணக்கு என்ற முறை முன்வைக்கப்பட்டது. ஒவ்வொரு செயலுக்கும் எவ்வளவு நேரமும் பொருளும் ஆகின்றன என்று அளந்து, அதன் வழியே செலவைப் பகிர்வது அம்முறை. பின்னர் அது மருத்துவமனைகளுக்கும் வந்தது. முந்தைய முறைகளைவிட இது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் செவிலியர் ஒருவரின் நேரத்தை நிமிடக்கணக்கில் பிரிக்கும்போது, பேச்சுக்கிடையே நோயைக் கண்டுபிடித்தது, பிரசவத்துக்குப் பயந்தவளிடம் சற்று நேரம் உட்கார்ந்து பேசியது ஆகியவற்றுக்குத் தனிப் பெயரில்லாத காரணத்தால் அவை வீணான நேரமாகப் பதிவாகும் அபாயம் எஞ்சியே இருக்கிறது.

வீணான நேரம் என்ற இந்தக் கருத்து சற்று நின்று ஆராயத்தக்கது. நோயாளி இல்லாமல் செவிலியர் அமர்ந்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் செலவு குறையும் என்று மதிப்பீடு சொல்லும். 1909-இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஆக்னர் எர்லாங் என்ற கணிதவியலாளர் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாடு இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்கிறது. வருகையும் சேவைக்கு ஆகும் நேரமும் முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி அமையும் இடத்தில் ஒருவரே சேவை செய்தால், அவர் தம் நேரத்தில் 80 விழுக்காடு வேலையில் இருக்கும்போது வரிசையில் காத்திருக்கும் சராசரி நேரம் ஒரு சேவைக்கு ஆகும் நேரத்தைப்போல 4 மடங்காகவும், 90 விழுக்காட்டில் 9 மடங்காகவும், 95 விழுக்காட்டில் 19 மடங்காகவும் ஏறுகிறது. செவிலியரின் ஓய்வு நேரத்தில் மிச்சப்படுத்திய சிறு தொகை, நாற்று நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போக வேண்டிய பெண்களின் காத்திருப்பாக, அதாவது இழந்த அரைநாள் கூலியாக மாறுகிறது. அந்தக் கூலி எந்த அரசுப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. காத்திருக்க முடியாமல் திரும்பிச் சென்றவர் அடுத்த மாதம் நோய் முற்றிய நிலையில் வந்தால், அவருடைய சிகிச்சை புதிய தேவையாகவே பதிவாகும். முதல் முறை சேவை சரிவரக் கிடைக்காததால் பிறந்த தேவை அது என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. பிரிட்டனின் மேலாண்மைச் சிந்தனையாளர் ஜான் செடன் இத்தகைய வருகைகளைத் தோல்வியால் விளையும் தேவை என்று பெயரிட்டு அழைத்தார். செலவுக் கணக்கில் இவ்வகை வருகைகள் எண்ணிக்கையைக் கூட்டி, ஒரு வருகைக்கு ஆகும் சராசரிச் செலவைக் குறைத்துக் காட்டவும் செய்யும் என்பது மிகவும் கவலைக்குரியது.

செலவு ஏறுவதே நோக்கமாக இருக்கும்போது

2020-இல் தமிழ்நாட்டில் நடத்தப்பட்ட தொற்றா நோய்கள் பற்றிய ஆய்வு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுப்பாட்டில் இருப்பதாகக் கண்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு இந்த நிலையே அடிப்படை. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரைகளைக் கையில் கொடுக்கின்றனர். நகர முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கிறது. பத்தில் ஒன்பது பேருக்கு நோய் கட்டுப்படாமல் இருக்கும் நிலையில் தொடங்கும் ஒரு திட்டம் வெற்றி பெற்றால் மருந்துச் செலவு உயர்ந்தே தீரும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்பி வருகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் நிலையத்துக்கும் இவ்வளவு மதிப்புள்ள மருந்து என்று பாஸ்புத்தகத்தில் வரவு வைத்து, எடுக்க எடுக்கக் கழிக்கும் முறை அதனுடையது. மருந்து ஒழுங்காகக் கிடைப்பதற்கும் விலை குறைந்ததற்கும் இம்முறை பெரிதும் காரணம் என்பதை மறுக்க முடியாது. எனினும் பாஸ்புத்தகத்தின் இருப்பு எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கரையும்போது, அது வீண் விரயமா, கூடுதல் பேர் விடாமல் மாத்திரை சாப்பிடுவதன் அடையாளமா என்பதைப் புத்தகத்தைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. வீட்டுக்கு வீடு சென்று இரத்த அழுத்தம் எவ்வளவு என்று பார்த்தால்தான் சொல்ல முடியும்.

இதன் மறுபக்கம் விலை ஒட்டப்பட்ட சிகிச்சைகள். 2009-இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 முதல் நடைமுறையில் உள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், 2018-இல் அதனோடு இணைந்த மத்திய அரசின் திட்டமும், அறுவை சிகிச்சைக்கும் இரத்தச் சுத்திகரிப்புக்கும் இவ்வளவு தொகை என்று வரையறுத்திருக்கின்றன. இந்தத் தொகுப்புக் கட்டணங்களால் ஏழைக் குடும்பங்கள் பல பெருஞ்செலவிலிருந்து தப்பியிருக்கின்றன. அந்த நன்மை மெய்யானது. ஆயினும் ஒரு சிகிச்சைக்கு விலை எழுதிவைக்க முடிவதே அதை நிதி ஒதுக்கீட்டில் கண்ணுக்குப் புலப்படச் செய்துவிடுகிறது. சிறுநீரகம் செயலிழப்பதற்குச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் முதன்மைக் காரணங்கள் என்பது மருத்துவம் நன்கறிந்த உண்மை. இரத்தச் சுத்திகரிப்பு ஒவ்வொன்றுக்கும் பில் உண்டு. அது தேவைப்படாமல் போகும்படி பத்தாண்டுகள் மாத்திரை கொடுத்த செவிலியரின் வேலைக்கு பில் கிடையாது.

யாருடைய கணக்கில் மிச்சம்?

விராலிமலை, திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் இருக்கிறது. மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டையைவிடத் திருச்சிக்குச் செல்வதே அவ்வட்டாரத்தின் பல ஊர்களுக்கு எளிது. மாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களைப் பொறுத்தவரை திருச்சி அடுத்த வீடு மாதிரி. ஆகவே விராலிமலைத் துணை சுகாதார நிலையம் ஒன்றில் இரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்து ஒருவருக்குப் பக்கவாதம் வராமல் போனால், மிச்சமாகும் படுக்கை பெரும்பாலும் திருச்சியின் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலோ அந்நகரின் தனியார் மருத்துவமனைகளிலோ இருக்கும். தமிழ்நாட்டின் நிர்வாக அமைப்பு இந்தப் பிரிவை இன்னும் ஆழமாக்குகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணை நிலையங்களும் பொது சுகாதாரத் துறையின் கீழும், வட்ட மருத்துவமனைகள் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழும் இயங்குகின்றன. பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்ககம் வைத்திருப்பது தமிழ்நாட்டின் பலம் என்று வல்லுநர்கள் பலகாலமாகச் சொல்லிவருகின்றனர்; அது சரியே. ஆனால் செலவழிப்பது ஓர் இயக்ககம், மிச்சம் பெறுவது இன்னொரு இயக்ககம், எல்லாரையும்விடப் பெரிய மிச்சம் பெறுவது எந்த இயக்ககத்தையும் சேராத ஒரு விவசாயக் கூலிக் குடும்பம் என்றிருக்கும்போது, ஒவ்வொரு துறையும் தன் செலவை மட்டும் நேர்மையாக மதிப்பிட்டாலும் மொத்தத்தில் தவறான முடிவே வரும்.

2017-இல் புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதும் இதே கோணத்தில் பார்க்கத்தக்கது. அதுவரை கடினமான நோய்களுக்குத் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் மதுரைக்கும் அனுப்பப்பட்டவர்களில் பலரை இங்கேயே வைத்துப் பார்க்க முடிந்தது. மாவட்டத்தின் மருத்துவச் செலவு ஏறியதாகவே ஏடுகள் காட்டும். நோயாளிக்குத் துணையாகப் போய் மருத்துவமனை வராந்தாவில் படுத்திருக்கும் உறவினரின் பேருந்துக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் இழந்த கூலியும் குறைந்ததை எந்த ஏடும் காட்டாது.

மதிப்பீட்டுக்கு வெளியே விளைவு நிகழ்வதற்கு இம்மாவட்டமே இன்னொரு சான்றையும் வைத்திருக்கிறது. 1991-இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஒரு கற்பவருக்கு இவ்வளவு என்ற கணக்கில் பாடநூல், சிலேட்டு, விளக்கு ஆகியவற்றுக்குச் செலவு வகுக்கக்கூடிய திட்டமாகத்தான் அது இருந்தது. ஆனால் எழுத்தோடு சைக்கிளும் கற்றுத்தரப்பட்டது. பல்லாயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். தண்ணீர் எடுக்கவும், சந்தைக்குக் காய் கொண்டுபோகவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் ஆண்களையும் பேருந்தையும் எதிர்பார்த்து நிற்கும் நிலை மாறியது. கல்குவாரிகளில் கூலிக்கு உடைத்த பெண்கள் குழுவாகக் குத்தகை எடுக்க முன்வந்ததும் அக்காலத்தில்தான். கற்பவர் ஒருவருக்கு ஆன செலவைக் கொண்டு அறிவொளியை வேறு மாவட்டத்தின் எழுத்தறிவுத் திட்டத்தோடு ஒப்பிட்டால், ஒப்பிடப்படுவது சிலேட்டும் பாடநூலுமே. சைக்கிள் ஒப்பீட்டுக்குள் வரவே வராது.

மதிப்பீடு எங்கே உதவும்

செலவைக் கணக்கிடுவதே வேண்டாம் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது பெருந்தவறு. கணக்கில்லாத அரசு நிர்வாகத்தில் முதலில் பாதிக்கப்படுவது ஏழைகளே. எவ்வளவு மருந்து வாங்க வேண்டும், அடுத்த ஆண்டுக்கு எத்தனை செவிலியர் பணியிடம் கேட்க வேண்டும், ஒரே மாத்திரையை இரு நிறுவனங்களில் எதனிடம் வாங்குவது ஆகிய கேள்விகளுக்கு மதிப்பீடு தவிர வேறு கருவி இல்லை. காப்பீட்டுத் தொகுப்புக் கட்டணங்களும் உண்மைச் செலவை அளந்து பார்த்தே திருத்தப்பட வேண்டும். இல்லையென்றால் கட்டணம் குறைவான சிகிச்சையைத் தனியார் தட்டிக்கழிப்பதும் அதிகமான சிகிச்சையைத் தேவையின்றித் தருவதும் நிகழும். தவறு எங்கே நேர்கிறதென்றால், வரவுசெலவுத் திட்டத்துக்காகத் திரட்டிய எண்ணை எடுத்து, எந்த நிலையத்தை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்ற கேள்விக்கு விடையாக நீட்டும்போதுதான். மேற்கண்ட கற்பனை நிலையத்தை மூடினால் மாதம் 64,000 ரூபாய் மிச்சமாகாது. தடுப்பூசிக்கும் கர்ப்பிணிகளுக்கும் செவிலியர் வேண்டும் என்பதால் சம்பளம் தொடரும். நிலையத்துக்கு வந்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வரிசையை நீட்டுவார்கள், அல்லது மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவார்கள், அல்லது எதுவும் செய்யாமல் இருந்துவிடுவார்கள். இந்த மூன்றில் எது எவ்வளவு நடக்கும் என்பதுதான் முடிவெடுப்பவர் அறிய வேண்டிய செய்தி.

அதை அறியும் வழியாக இருந்ததே விராலிமலை முயற்சியின் முதன்மையான மதிப்பு. அந்த ஆய்வு தன் கேள்வியை நிலையத்தின் பேரேட்டிடம் கேட்கவில்லை. வீடுகளுக்குச் சென்று, கடைசியாக உடம்பு சரியில்லாதபோது எங்கே போனீர்கள், கையிலிருந்து எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டது. ஒரு வட்டாரத்தில் செய்து பார்த்து, மக்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று கண்டு, பிறகு விரிவாக்குவது என்ற இந்த வழி, அலுவலகத்தில் அமர்ந்து தயாரிக்கும் எந்த மதிப்பீட்டையும்விட நம்பத்தக்கது. மெதுவானது என்பதைத் தவிர அதன்மேல் பெரிய குறை சொல்ல முடியாது. நாடு முழுவதும் துணை சுகாதார நிலையங்களை நலவாழ்வு மையங்களாக மேம்படுத்தும் திட்டத்தை மத்திய அரசு 2018-இல் அறிவித்தபோது, இம்மாநிலத்திடம் அந்த அனுபவம் முன்கூட்டியே இருந்தது.

ஆனால் விராலிமலையின் எண்களை அப்படியே மாவட்டத்தின் மறுகோடிக்குத் தூக்கிச் செல்லவும் முடியாது. மணமேல்குடி வட்டாரம் பாக் நீரிணைக் கரையில் இருக்கிறது. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் ஆண்கள் வீட்டில் இருக்கும் நாள், படகு கடலுக்குச் செல்லும் நாளைப் பொறுத்தது, பெண்கள் வெளியே இருக்கும் நேரம் மீன் கரைக்கு வரும் நேரத்தைப் பொறுத்தது. அங்கே திருச்சியைப்போல எட்டும் தூரத்தில் பெருநகரம் இல்லை. தனியார் மருத்துவமனை என்றாலே ஒரு முழுநாள் பயணம் என்ற ஊர்களும் உண்டு. காலை ஒன்பது மணிக்குத் திறக்கும் நிலையம் விராலிமலையில் ஈர்த்த அளவுக்கு இங்கே ஆட்களை ஈர்க்குமா, ஈர்த்தால் அவர்கள் முன்பு எங்கே சென்றவர்களாக இருப்பார்கள், முன்பு எங்குமே செல்லாதவர்களாக இருந்தால் அவர்களுக்கு ஆகும் புதிய செலவை எப்படிப் பார்ப்பது ஆகிய கேள்விகளை அந்தக் கடற்கரையில் வீடு வீடாகச் சென்றுதான் கேட்க வேண்டும்.